ஜியு-ஜிட்சுவில் முதல் ஆறு மாதம்: அடியில் கிடக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

தரையில் பிடித்து மடக்கிச் சண்டையிடும் கலையான பிரேசிலியன் ஜியு-ஜிட்சுவில் சேருகிறவர்களில் பலர் சில மாதங்களிலேயே நின்றுவிடுகிறார்கள். என் கணிப்பில், அடிபட்டு நிற்பவர்களைவிட மனம் விட்டுப்போய் நிற்பவர்களே அதிகம். கையை மடக்கிப் பூட்டவும் கழுத்தை இறுக்கவும் கற்றுக்கொள்ளலாம் என்று வருகிறார்கள். ஆனால் வந்த நாள் முதல் யாராவது ஒருவர் மேலே ஏறி உட்கார்ந்திருக்கிறார். மூச்சு முட்டுகிறது, விலா வலிக்கிறது, ஒன்றும் கைகூடவில்லை. ‘நமக்கு இது வராது’ என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். அடியில் கிடந்த அந்த நேரம் முழுவதும் பாடம் நடந்துகொண்டுதான் இருந்தது என்பதை அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. முதல் ஆறு மாதத்துக்குப் பாடம் ஒன்றே ஒன்றுதான்: அடியில் பதறாமல் இருப்பது, அங்கிருந்து வெளியே வருவது. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

இந்தக் கலை உருவானதே அப்படித்தான். ஜப்பானின் கோடோகன் பள்ளியில் ஜூடோ கற்ற மித்சுயோ மயேதா 1914-இல் பிரேசிலுக்கு வந்து, பின்னர் வடக்கே பெலெம் நகரில் தங்கினார். அவரிடம் கற்ற கார்லோஸ் கிரேசி 1925-இல் ரியோ டி ஜெனிரோவில் பயிற்சிக்கூடம் திறந்தார். அவருடைய தம்பி எலியோ ஒல்லியான ஆள். பலசாலிகளைத் தூக்கிப் போடுவது அவருக்கு ஒத்துவராததால், கீழே இருந்தபடி சண்டையிடும் முறையில் அதிகம் கவனம் செலுத்தினார். மல்யுத்தத்தில் இரண்டு தோளும் தரையில் பட்டால் ஆட்டம் முடிந்தது. ஜூடோவில் மல்லாத்தி 20 விநாடி அழுத்திப் பிடித்தால் வெற்றி. ஜியு-ஜிட்சுவில் மல்லாந்து கிடப்பவர் இன்னும் தோற்கவில்லை. கால்களை எதிராளிக்கும் தனக்கும் நடுவில் வைத்திருக்கும்வரை அவரால் கவிழ்க்க முடியும், பூட்ட முடியும். அந்த நிலைக்குத்தான் கார்டு என்று பெயர். 1993 நவம்பர் 12 அன்று டென்வரில் நடந்த முதல் யுஎஃப்சி கலப்புச் சண்டைப் போட்டியில் எலியோவின் மகன் ராய்ஸ் கிரேசி, சுமார் 80 கிலோ உடம்போடு ஒரே இரவில் மூன்று பேரைப் பணியவைத்தார். உலகம் இந்தக் கலையைத் திரும்பிப் பார்த்தது அதற்குப் பிறகுதான்.

சேருவதற்கு முன் கூடத்துக்குப் போய் ஒரு முழு வகுப்பை உட்கார்ந்து பாருங்கள். சுவரில் இருக்கும் பதக்கங்களைவிட, பர்ப்பிள் பெல்ட்காரர் (ஒயிட்டில் தொடங்கும் ஐந்து நிறங்களில் மூன்றாம் படி) ஒருவர் புதியவரோடு எப்படி ரோல் செய்கிறார், அதாவது பயிற்சிச் சண்டை போடுகிறார் என்பதைக் கவனியுங்கள். அவர் நிதானமாக விளையாடி, புதியவருக்கு நகர இடம் கொடுத்தால் நல்ல கூடம். முதல் நாளே வந்தவரை நேரடியாகப் பயிற்சிச் சண்டையில் தள்ளிவிட்டு வேடிக்கை பார்க்கும் கூடத்திலிருந்து விலகிவிடுங்கள். பயிற்சியாளருக்கு பெல்ட் கொடுத்தது யார் என்று தாராளமாகக் கேட்கலாம். இந்தக் கலையில் பெல்ட் என்பது ஒருவர் இன்னொருவருக்குக் கட்டிவிடுவது. அந்தச் சங்கிலியைச் சொல்ல யாரும் தயங்கமாட்டார்கள். தயங்கினால் யோசியுங்கள். நம் ஊர்களில் பிளாக் பெல்ட் பயிற்சியாளர்கள் இன்னும் குறைவு. நேர்மையான பர்ப்பிள் பெல்ட் ஒருவரிடம் தொடங்குவதில் எந்தக் குறையும் இல்லை. மேட்டை (பயிற்சி விரிப்பை) ஒவ்வொரு நாளும் கிருமிநாசினி போட்டுத் துடைக்கிறார்களா என்பதையும் பார்த்துவிடுங்கள். செருப்பில்லாமல் கழிப்பறைக்குப் போய் அதே காலோடு மேட்டில் ஏறுவதை அனுமதிக்கும் கூடம் வேண்டாம்.

முதல் சில வகுப்புகளுக்கு எதையும் வாங்க வேண்டாம். உடம்போடு ஒட்டிய டி-ஷர்ட், ஜிப்பும் பாக்கெட்டும் இல்லாத ஷார்ட்ஸ் போதும். பாக்கெட்டில் விரல் மாட்டினால் விரல் போய்விடும். கை கால் நகங்களை ஒட்ட வெட்டுங்கள். மோதிரம், கயிறு, தோடு, அரைஞாண் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். தொடர்வது என்று முடிவான பிறகு கி எனப்படும் தடித்த சட்டையும் பேன்ட்டும் கொண்ட பயிற்சி உடையை வாங்கலாம். நம் வெயிலுக்கு 350 முதல் 450 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்) வரையிலான பேர்ல் வீவ் நெசவுத் துணி பொருந்தும். அதற்கு மேல் கனமான துணி சீக்கிரம் கிழியாது என்றாலும் காய இரண்டு நாளாகும். சுருங்காது என்று சொல்லி விற்கும் பருத்தி கி-யும் கொஞ்சம் சுருங்கத்தான் செய்யும். ஆகவே கையை முன்னால் நீட்டும்போது சட்டைக்கை மணிக்கட்டைத் தொடும் அளவில் வாங்குங்கள். வாரம் மூன்று நாள் போகிறவருக்கு இரண்டு செட் தேவை. வாயில் போடும் மவுத்கார்டு ஒன்றும் வாங்கிவிடுங்கள். எதிராளியின் தலையும் முழங்காலும் பல்லில் இடிப்பது அடிக்கடி நடக்கும்.

வகுப்பு பொதுவாக ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம். வார்ம்-அப், பிறகு அன்றைக்கு ஒரு நுட்பம், அதை ஜோடியாகச் செய்து பழகுவது, கடைசியில் 5 அல்லது 6 நிமிடச் சுற்றுகளாக ரோலிங். வார்ம்-அப்பில் செய்யும் ஷ்ரிம்ப் பார்ப்பதற்கு வெறும் உடற்பயிற்சி போலத் தெரியும். அதைத்தான் நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். மல்லாந்து படுத்து, ஒரு பாதத்தைப் பிட்டத்துக்கு அருகில் ஊன்றி, மறுபக்கமாக ஒருக்களித்து, ஊன்றிய காலால் உந்தி இடுப்பைப் பின்னால் தள்ள வேண்டும். கைகள் எதிராளியின் தோளைத் தள்ளுவது போலக் காலை நோக்கி நீளும். பாதத்தைத் தொலைவில் ஊன்றினால் உந்துவிசை வராது. இன்னொரு பிழை, தலையை நோக்கி நழுவுவது. நகர வேண்டியது இடுப்பு. செய்து முடித்ததும் உங்கள் உடல் இடுப்பில் மடங்கி இருக்க வேண்டும். வீட்டில் ஆறடி இடம் இருந்தால் போதும், தினமும் பக்கத்துக்கு இருபது முறை செய்யுங்கள்.

விழுவதையும் அதே அளவு பழகுங்கள். பின்னால் விழும்போது தாடையை மார்போடு ஒட்டி, முதுகை வளைத்து, கைகளை உடலுக்குச் சற்று விலக்கித் தரையில் அறைய வேண்டும். விழும்போது கையைப் பின்னால் நீட்டி ஊன்றினால் மொத்த எடையும் மணிக்கட்டிலும் முழங்கையிலும் இறங்கும். புதியவர்களின் எலும்பு முறிவது பெரும்பாலும் அங்கேதான். இது உடம்பில் ஊறும்வரை ரோலிங்கை முழங்காலிட்டுத் தொடங்குங்கள். நின்றபடி தொடங்கினால், எதிராளியின் எடை உங்கள் முழங்காலின் பக்கவாட்டில் விழும் ஆபத்தும் உண்டு.

அடுத்தது தட்டுவது. நான் பணிந்தேன், விடு என்பதற்கான சைகை இது. எதிராளியின் உடம்பில், அவருக்கு உறைக்கும்படி, இரண்டு மூன்று முறை தட்டுங்கள். காற்றிலோ உங்கள் தொடையிலோ தட்டினால் அவருக்குத் தெரியாது. இரண்டு கையும் மாட்டியிருந்தால் ‘டாப்’ (tap) என்று உரக்கச் சொல்லுங்கள், காலால் மேட்டை உதையுங்கள். எப்போது தட்டுவது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். வலி வரட்டும் என்று காத்திருப்பது முழங்கைக்கு ஓரளவு சரிப்படலாம், முழங்காலுக்குச் சரிப்படவே படாது. குதிகாலைப் பிடித்துத் திருகும் ஹீல் ஹூக்கில், வலி தெரியும்போது முழங்கால் தசைநார் ஏற்கனவே கிழிந்திருக்கலாம். சர்வதேசக் கூட்டமைப்பான ஐபிஜேஜேஎஃப் விதிகளில் கி போட்டிகளில் அதற்கு எந்த பெல்ட்டுக்கும் அனுமதி இல்லை. கி இல்லாத போட்டிகளில் வயதுவந்த பிரவுன், பிளாக் பெல்ட்காரர்களுக்கு மட்டும் 2021 முதல் அனுமதித்திருக்கிறார்கள். ஆகவே யாராவது உங்கள் குதிகாலைப் பிடித்தால் அசையாமல் தட்டிவிடுங்கள். திமிறித் திரும்பினால் நீங்களே உங்கள் முழங்காலை முறிப்பீர்கள். கழுத்துப் பிடிகளில், இருபுறத்து ரத்தக்குழாய்களும் சரியாக அழுந்தினால் பத்து விநாடிக்குள் நினைவு தப்பும். அங்கே வலி எச்சரிக்கையாக வராது. காதில் இரைச்சலோ கண்ணில் இருட்டோ வந்தால் ஏற்கனவே தாமதம்.

பூட்டுவது நீங்களாக இருந்தால், மெதுவாக இறுக்கி, தட்டிய கணத்தில் விட்டுவிடுங்கள். வெடுக்கென்று இழுக்கும் பழக்கம் உள்ளவரோடு கூடத்தில் யாரும் ரோல் செய்ய வரமாட்டார்கள்.

இனி அடியில் கிடப்பதற்கு வருவோம். மிக மோசமான நிலைகளில் ஒன்று மவுண்ட். எதிராளி உங்கள் வயிற்றின்மேல் இருபுறமும் முழங்கால் ஊன்றி உட்கார்ந்திருக்கிறார். இரண்டு கையையும் நீட்டி அவர் மார்பைத் தள்ளத்தான் யாருக்கும் முதலில் தோன்றும். அப்படி நீட்டிய கை, ஆர்ம்பார் எனும் முழங்கைப் பூட்டுக்குத் தானாகக் கொடுத்த கை. அவர் ஒரு காலை உங்கள் முகத்துக்கு மேலே போட்டு, கையைத் தொடைகளுக்கு நடுவில் இறுக்கிச் சாய்ந்து இடுப்பைத் தூக்கினால் போதும். ஆகவே முழங்கைகள் விலாவோடு ஒட்டியே இருக்கட்டும். உள்ளங்கைகள் கழுத்தருகே சட்டைக் காலரைக் காக்கட்டும். இப்படியே பத்து விநாடி இருந்து மூன்று முறை மூச்சை வெளியே விடுங்கள். அவசரமாக எதுவும் செய்ய வேண்டியதில்லை.

வெளியே வர இரண்டு வழிகள் போதும். முதலாவது பிரிட்ஜ் செய்து, அதாவது இடுப்பைப் பாலம்போல உயர்த்தி, உருட்டுவது. அவருடைய ஒரு கையை, மணிக்கட்டையும் முழங்கைக்கு மேலேயும் பிடித்து உங்கள் மார்போடு ஒட்டுங்கள். அதே பக்கத்தில் அவர் பாதத்துக்கு வெளியே உங்கள் பாதத்தை வைத்து அடைத்துவிடுங்கள். குதிகால்கள் பிட்டத்துக்கு அருகில் இருக்கட்டும். இப்போது இடுப்பை விட்டத்தை நோக்கித் தூக்கி, கையை மடக்கிய அதே பக்கத்துத் தோளின் மேலாக, மூலைவாட்டில் உருளுங்கள். பக்கவாட்டில் மட்டும் உருண்டால் அவர் எடை அசையாது. முதலில் அவரைத் தூக்கி, பிறகுதான் திருப்ப வேண்டும். பாதத்தை அடைக்க மறந்தால் காலை ஊன்றி நின்றுவிடுவார். கையை அடைக்க மறந்தால் கையை ஊன்றுவார். ஒருபக்கத்து ஊன்றுகோல் இரண்டையும் எடுத்த பிறகே உருட்டு.

இரண்டாவது, முழங்கையும் முழங்காலும் சேரும் வழி. வலப்பக்கம் ஒருக்களிப்பதாக வைத்துக்கொள்வோம். வலது காலைத் தரையோடு தட்டையாகப் படுக்கவையுங்கள், இடது பாதத்தை ஊன்றுங்கள். இரண்டு முன்கைகளாலும் அவருடைய இடது முழங்காலையும் இடுப்பையும் அணைகொடுத்துத் தடுங்கள். லேசாக பிரிட்ஜ் செய்து அவர் எடையை ஒரு கணம் மேலே வரவழைத்து, உடனே ஷ்ரிம்ப் செய்து இடுப்பை விலக்குங்கள். உண்டாகும் இடைவெளியில் உங்கள் வலது முழங்கால் அவருடைய இடது காலுக்கு அடியில் நழுவி, உங்கள் வலது முழங்கையைத் தொடும். அந்தக் காலை உங்கள் இரு கால்களுக்கு நடுவில் பூட்டினால் ஹாஃப் கார்டு வந்துவிட்டது, மவுண்ட் போய்விட்டது. பிறகு மறுபக்கம் ஷ்ரிம்ப் செய்து அடுத்த காலையும் வெளியே எடுங்கள். இங்கே எல்லோரும் செய்யும் பிழை, அவருடைய முழங்காலைக் கைவலிமையால் தள்ளப் பார்ப்பது. 80 கிலோ ஊன்றிய முழங்கால் நகராது. நகர வேண்டியது உங்கள் இடுப்பு. இரண்டு வழியையும் மாற்றி மாற்றிச் செய்யுங்கள். உருட்டுவதைத் தடுக்க அவர் காலை அகட்டினால் முழங்காலுக்கு வழி கிடைக்கும், அதை அடைக்க வந்தால் உருட்டலாம்.

சைடு கண்ட்ரோல் எனும் நிலையில், குறுக்காக மார்பின்மேல் படுத்து அழுத்துவார்கள். அங்கே புதியவர்கள் எதிராளியின் முதுகைக் கட்டிப்பிடித்துக்கொள்கிறார்கள். அது அவரை இன்னும் இறுக்கமாக உங்கள்மேல் இழுக்கிறது. அவர் பக்கமாக இருக்கும் கையின் முன்கையை அவர் இடுப்பெலும்பில் வையுங்கள், மறுகையின் முன்கையை அவர் தொண்டைக்குக் கீழே. இதற்கு ஃபிரேம் என்று பெயர். கூரையைத் தாங்கும் தூண் மாதிரி எலும்பு எடையைத் தாங்க வேண்டும், தசை தாங்கக் கூடாது. அதனால்தான் முழங்கை மடங்கியே இருக்கிறது. ஃபிரேமை வைத்ததும் அவரைத் தள்ள வேண்டாம். அவரை அங்கேயே நிறுத்தி, நீங்கள் விலகி, அவர் பக்கத்து முழங்காலை இடையில் நுழையுங்கள். மல்லாந்தே கிடந்தால் எந்த ஃபிரேமும் வேலை செய்யாது, ஒருக்களித்தே ஆக வேண்டும்.

எதிராளியின் கார்டுக்குள் நீங்கள் மேலே இருக்கும்போது ஒரே ஒரு எச்சரிக்கை: குனிந்து இரண்டு கையாலும் அவர் கழுத்தைப் பிடிக்காதீர்கள். முதுகை நிமிர்த்தி, அவர் கால்களைத் திறப்பதுதான் அங்கே வேலை.

இரண்டு நிமிடத்திலேயே தளர்ந்துபோவது வெறும் உடல்தகுதிக் குறையால் வருவதில்லை. மூச்சை அடக்குவதும், கிடைத்த துணியையெல்லாம் முழுபலத்தோடு பிடிப்பதும்தான் முக்கியக் காரணம். நகராதபோது பிடியைப் பாதியாகத் தளர்த்துங்கள். ஒவ்வொரு உந்தலுக்கும் மூச்சை வெளியே விடுங்கள். விரல் மூட்டு வலித்தால் அரை அங்குல அகல டேப்பை மூட்டுக்கு மேலும் கீழும் சுற்றி, குறுக்கே எக்ஸ் வடிவில் போடுங்கள். மூட்டின்மேலேயே இறுகச் சுற்றினால் விரல் மடங்காது.

யாரோடு ரோல் செய்வது என்பதைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. உங்களைவிட முப்பது கிலோ கூடிய, பதற்றமான இன்னொரு ஒயிட் பெல்ட்தான் மேட்டிலேயே ஆபத்தானவர். அவருக்குத் தன் உடம்பு எங்கே போய் விழும் என்று இன்னும் தெரியாது. பாதுகாப்பானவர்கள் பர்ப்பிள், பிரவுன் பெல்ட்காரர்கள். கைகொடுக்கும்போதே “அண்ணா, நான் புதுசு, மெதுவாப் போலாமா?” என்று கேட்டுவிடுங்கள். வேண்டாம் என்று ஒரு சுற்றை மறுப்பதும் முறைதான். நாற்பது தாண்டியவர்கள், கழுத்திலோ முதுகிலோ டிஸ்க் பிரச்சினை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டே வர வேண்டும். வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று வகுப்பு, நடுவில் ஒரு நாள் ஓய்வு. முதல் மாதமே ஐந்து நாள் வருகிறவருக்கு விலாத் தசை பிடித்துக்கொள்ளும். அதன்பின் தும்மக்கூட முடியாது.

தோலைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். வகுப்பு முடிந்ததும் சோப்புப் போட்டுக் குளியுங்கள், வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்ட பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். கி-யை அன்றைக்கே, பெல்ட்டையும் சேர்த்து, குளிர்ந்த நீரில் துவைத்து உட்புறம் வெளியே தெரியும்படி காயப்போடுங்கள். பிளீச் பருத்தி இழையை நைந்துபோகச் செய்யும். ஈரத்தோடு பைக்குள் இரவு முழுக்கக் கிடந்த கி-யைச் சும்மா காயவைத்து மறுபடி போடவே கூடாது. இவ்வளவு செய்தும் படர்தாமரை வரலாம். விளிம்பு சிவந்து, நடுப்பகுதி தெளிந்து, வட்டமாகப் பரவும் அரிப்பு. மருந்துக்கடையில் கேட்டால் பல நேரம் ஸ்டீராய்டு கலந்த களிம்பைத் தருவார்கள். இரண்டே நாளில் சிவப்பும் அரிப்பும் அடங்கும், ஆனால் அடியில் பூஞ்சை தடையில்லாமல் பரவும், நிறுத்தியதும் இன்னும் பெரிதாக வரும். இந்தியாவில் படர்தாமரை இவ்வளவு பிடிவாதமாகிவிட்டதற்கு இந்தக் கலவைக் களிம்புகள் ஒரு முக்கியக் காரணம். தோல் மருத்துவரைப் பாருங்கள், அவர் சரி என்னும்வரை மேட்டில் ஏறாதீர்கள். ஒருவர் மறைத்தால் கூடமே சொறியும். காது மடல் வீங்கி, தொட்டால் மெத்தென்று இருந்தால் அதுவும் உடனே மருத்துவரிடம் போக வேண்டிய விஷயம். குருத்தெலும்புக்கும் அதன் உறைக்கும் நடுவே ரத்தம் தேங்கியிருக்கிறது. சீக்கிரம் வடித்து அழுத்திக் கட்டாவிட்டால் அது இறுகி மடல் நிரந்தரமாகச் சுருங்கும்.

பெல்ட்டைப் பற்றிச் சுருக்கமாக. ஒயிட், ப்ளூ, பர்ப்பிள், பிரவுன், பிளாக் என்பது வரிசை. இடையில் நான்கு நான்கு கோடுகள். ப்ளூ பெல்ட்டுக்குக் குறைந்தது 16 வயது ஆக வேண்டும். வாரம் மூன்று நாள் போகிறவருக்கு ஒன்றரை இரண்டு வருடத்தில் கிடைப்பது வழக்கம், பிளாக் பெல்ட்டுக்குப் பத்து வருடம்போல ஆகும். ஒயிட் பெல்ட் போட்டி 5 நிமிடம்தான், தாவிக் கால்களைப் பின்னி கார்டு போடுவதற்கும் மணிக்கட்டை முறிக்கும் பூட்டுக்கும் அதில் தடை.

உங்கள் எடையுள்ள ஒயிட் பெல்ட் ஒருவர் மவுண்டில் உட்கார்ந்தாலும் மூச்சு சீராக இருக்கிறது, ஐந்துக்கு மூன்று முறை வெளியே வந்துவிடுகிறீர்கள் என்ற நிலை வந்தால் தாக்குதலைத் தொடங்கலாம். என் பரிந்துரை, முதலில் முதுகுப்பக்கத்தைப் பிடிப்பது. அங்கே எதிராளியால் உங்களைத் திரும்பத் தாக்குவது கடினம், போட்டியில் கிடைக்கும் புள்ளியும் மவுண்டைப் போலவே 4. ஒரு கை அவர் தோளுக்கு மேலாக, மறுகை அக்குளுக்கு அடியாக வந்து மார்பில் கோத்துக்கொள்ளட்டும். குதிகால்கள் இரண்டும் அவர் தொடைகளின் உட்புறம் கொக்கிபோல மாட்டட்டும். தோளுக்கு மேலே போன கையின் முழங்கை அவர் தாடைக்கு நேர்கீழே வந்ததும், உள்ளங்கையை உங்கள் மறுகையின் புஜத்தில் வைத்து, அந்த மறுகையை அவர் பிடரிக்குப் பின்னால் செருகி, நெஞ்சை விரித்து இறுக்குங்கள். முழங்கை பக்கவாட்டில் இருந்தால் அழுத்தம் தாடையில்தான் விழும், வலிக்குமே தவிர பூட்டு விழாது. இறுக்கும் அவசரத்தில் அவர் மடிக்கு முன்னால் கணுக்கால்களைப் பின்னிக்கொள்ளாதீர்கள். அவர் தன் காலை அதன்மேல் குறுக்கே போட்டு இடுப்பை நிமிர்த்தினால் தட்ட வேண்டியவர் நீங்களாகிவிடுவீர்கள்.